ஒற்றைக்காலில் குனிவது

பொன்னம்மாவுக்கு முதலில் கணுக்கால்தான் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி நெடுநேரம் அப்படியே நிற்கும். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று உடம்பில் தண்ணீர் கோத்துக்கொண்டது, தானாக வடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அவள் நடமாடி வந்தாள். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ஒரு நாள் காலை, கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தவள் பாதி வழியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொட்டி மண்ணில் ஓடியது. எழுந்திருக்கக் கையை ஊன்றிப் பார்த்தாள். கால் கேட்கவில்லை.

வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அஞ்சலை, பொன்னம்மாவின் தம்பி நடராஜனின் பெண்சாதி. மலாக்காவின் காஜா பெராங்கில் அந்த அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இப்போது அவர்கள் இருவர்தான். ஜப்பான்காரன் நடராஜனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அஞ்சலைக்கு இடது கால் பாதித் தொடையோடு சரி. அதற்குக் கீழே மரக்கட்டை.

"இருங்க அக்கா, நான் வர்றேன்" என்றாள்.

"நீ வந்து என்ன பண்ணப் போற? ரெண்டு பேருமா விழுந்து கிடக்கவா?" என்றாள் பொன்னம்மா.

ஆனாலும் அஞ்சலை கம்பை ஊன்றிக்கொண்டு போனாள். வலது காலை அகட்டி நின்று, கட்டையைப் பின்னால் ஊன்றி, தன் கையைக் கொடுத்தாள். பொன்னம்மா அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுந்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள்.

அஞ்சலை பால்காரியாக இருந்தவள். விடியுமுன் கறந்து, பால் தகரத்தைத் தலையில் சும்மாட்டின் மேல் ஏற்றி, கையால் பிடிக்காமல், தெங்கேரா வரைக்கும் வீடு வீடாக ஊற்றிவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவாள். அந்த நாளில் தனக்குக் கால் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைவதற்குச் சில நாள் முன்பு ஆகாயக் கப்பல் வந்து குண்டு போட்டது. மாட்டுக் கொட்டகையின் தகரம் பிய்ந்து பறந்து வந்து அவள் முழங்காலில் வெட்டியது. ஆஸ்பத்திரியில் தொடையின் நடுவில் காலை எடுத்துவிட்டார்கள். ஒரு மாடு அங்கேயே செத்தது. மிச்ச மாடுகளைப் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வந்த டிரசர் மாணிக்கவாசகம் அவளிடம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். "குப்புறப் படுத்துக்கம்மா. தினமும் படு. எந்நேரமும் உக்காந்தே இருந்தியானா தொடை மடங்கினாப்பல இறுகிப் போயிரும். அப்புறம் மரக்கால் வெச்சாலும் நேரா நிக்க வராது."

அஞ்சலை சரியென்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு குப்புறப் படுக்க யாருக்குப் பொழுது இருந்தது? பலகையில் உட்கார்ந்து கிழங்கு துருவினாள். உட்கார்ந்தபடியே விறகு பிளந்தாள், கிழிசல் தைத்தாள். பின்புறத்தால் நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் போனாள். படுத்தாலும் இல்லாத பாதம் அரித்தது. தொடையை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

நடராஜன் தெங்கேராவில் வண்டிச் சக்கரம் செய்யும் ஒரு சீனத் தச்சனைப் பிடித்து மரக்கால் செய்து கொண்டுவந்தான். மேலே தோல் உறை, உள்ளே இலவம்பஞ்சு, கீழே மடிப்பே இல்லாத ஒரே கட்டை, அடியில் டயர்த் துண்டு. இடுப்பிலும் தோளிலும் மாட்ட வார் இருந்தது. அஞ்சலை கட்டிக்கொண்டு அவன் தோளைப் பிடித்து எழுந்தாள். கட்டை தரையில் நேராக நிற்காமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. கட்டையை நேராக்கினால் இடுப்பு கூனியது. இடுப்பை நிமிர்த்தினால் கட்டை எழும்பியது. டிரசர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. நடராஜன் வாரை அவிழ்த்துக் கட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். சில வாரம் கழித்து அவன் வேலை செய்த இடத்துக்கே லாரி வந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றினார்களாம். மாற்றுச் சட்டை எடுக்கக்கூட அவனை வீட்டுக்கு விடவில்லை.

பொன்னம்மா புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து இருந்தவள். பரிந்து பேச அவளுக்கு வராது. தம்பி போன பிறகு அரிசிக்கு வரிசையில் நிற்பதும், கொல்லையில் கிழங்கு தோண்டுவதும், உப்புக்கும் கருவாட்டுக்கும் அலைவதும் அவள் தலையில் விழுந்தது. ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தவள் மரக்காலைத் தூக்கி அஞ்சலையின் முன்னால் போட்டாள்.

"நான் செத்தா நீ என்ன பண்ணுவ?"

"நிக்க வரலையே அக்கா."

"வரவெச்சிக்க."

அன்று முதல் மத்தியானம் சமையல் முடிந்ததும் அஞ்சலை பாயில் குப்புறப் படுத்தாள். பொன்னம்மா ஒரு கோணியில் மணலை அள்ளிக் கட்டி அவள் இடுப்புக்குக் கீழே, பின்புறத்தின் மேல் தூக்கி வைப்பாள். தொடையின் முன்பக்கம் கிழிகிறாற்போல் இழுக்கும். அஞ்சலை பாயின் ஓரத்தைக் கடித்துக்கொள்வாள். அவள் அழுதால் பொன்னம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். மூட்டையை மட்டும் எடுக்கமாட்டாள். இழுப்பு விட்ட பிறகு, படுத்தபடியே மிச்சத் தொடையைப் பின்பக்கமாக மேலே தூக்கி இறக்கச் சொன்னாள். மெலிந்து கிடந்த தொடை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு திரண்டது. மழைக்காலம் முடியும்போது கட்டை தரையில் நேராக நின்றது.

நின்றதும் நடந்துவிட முடியவில்லை. கட்டையை இடுப்பால் தூக்கி வீச வேண்டும். அது மண்ணில் பட்டதும் தொடையால் உறையைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி ஒரு கணம் தளர்ந்தாலும் கட்டை வழுக்கும். வீட்டைச் சுற்றி வருவதற்குள் கல் சுமந்தவள் போல வேர்த்துக் கொட்டும். முன்பு தலையில் பால் தகரத்தோடு நடந்த தூரத்தை எண்ணிப் பார்க்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

இப்படிக் கம்பும் கட்டையுமாக அவள் கிணற்றடி வரைக்கும் நடக்கப் பழகியிருந்த சமயத்தில்தான் பொன்னம்மாவின் கால் வீங்கியது.

மாணிக்கவாசகம் வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தார். அவர் முகமும் ஒட்டிப் போயிருந்தது. பொன்னம்மாவின் காலை அழுத்திப் பார்த்தார். மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

"வெறும் கிழங்கையே தின்னா இப்படித்தான் ஆகும். ஊர்ல பாதிப் பேருக்கு இதான். ஊசி மருந்து ஆஸ்பத்திரியில கண்ணால பாத்து எவ்வளவோ நாளாச்சு. அரிசித் தவிடு கிடைச்சா வறுத்துக் குடுங்க. வேற வழி எனக்குத் தெரியல."

"குடுக்கலைன்னா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"வீக்கம் நெஞ்சுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு, பொன்னம்மாவைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டி இனத்தவள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அவள் தன் கோழிகளுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து, "சிக்கிட் சாஜா, அக்கா" என்று கொஞ்சமாகத் தர நேர்ந்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டு கொடுத்தாள். அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

தவிடு என்றதும் அஞ்சலைக்கு நினைவு வந்தது பெண்டஹாரா ரோட்டில் தானியக் கடை வைத்திருந்த ஷரீஃபுதீன் ராவுத்தர்தான். மாடு இருந்த காலத்தில் அவரிடம்தான் தவிடு வாங்குவாள். இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை என்று கேள்வி. முகம் பார்த்தால் தனக்குக் கொடுப்பார் என்று அவள் நம்பினாள். ஆனால் பெண்டஹாரா ரோட்டுக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நிற்கிறான். தாண்டுகிறவர்கள் எல்லோரும் அவனுக்குக் குனிய வேண்டும். கையைக் கூப்புவதோ தலையை அசைப்பதோ போதாது. இரண்டு கையும் உடம்போடு ஒட்ட, இடுப்பு மடங்கக் குனிய வேண்டும்.

"நீ போவாத" என்றாள் பொன்னம்மா.

"வேற யாரு போறது?"

அக்கம்பக்கத்து ஆண்கள் லாரிக்குப் பயந்து வெளியே தலைகாட்டுவதில்லை. பெண்களுக்கு அவரவர் வீட்டு அரிசி வரிசை.

அஞ்சலை வெள்ளெனப் புறப்பட்டாள். நின்று நின்று போனாள். பாலத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து நிமிர்ந்து போனார்கள். சிப்பாய் சின்ன வயசுக்காரன், முகமெல்லாம் பரு. அஞ்சலை அவன் முன்னால் கம்பை ஊன்றி நின்று, முடிந்தமட்டும் தலையைத் தாழ்த்தினாள்.

"கொரா" என்று அதட்டினான். தன் கையை இடுப்போரம் ஒட்டிவைத்துக் காட்டினான். அவள் கம்பைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவன் கம்பைப் பிடுங்கிப் பாலத்தின் ஓரத்தில் எறிந்தான்.

அஞ்சலை கையை ஒட்டிவைத்துக் குனிந்தாள். தலை கீழே போகப் போக உடம்பின் கனமெல்லாம் கட்டையின் மேல் சாய்ந்தது. அதற்கு முழங்காலும் கிடையாது, கணுக்காலும் கிடையாது. கட்டை சடக்கென்று பின்னால் வழுக்க, அவள் முகம் குப்புற விழுந்தாள். வாயில் புழுதியும் ரத்தமும். கையூன்றி உட்கார்ந்தவளின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "பக்கேரோ" என்று திட்டி, வந்த வழியைக் காட்டினான்.

கைவண்டி இழுத்து வந்த ஒருவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கம்பை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்குள் வந்தவளிடம் பொன்னம்மா படுத்தபடியே கேட்டாள். "கிடைச்சுதா?"

"பாலத்தத் தாண்ட விடல."

"ஏன்?"

"எனக்குக் குனியத் தெரியலையாம்."

பொன்னம்மா அவள் உதட்டைப் பார்த்தாள். "அடிச்சானா?"

"ஒரு அறைதான்."

பிறகு பொன்னம்மா சுவரைப் பிடித்து நகர்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். வீக்கம் தொடைக்கு ஏறியிருந்தது. இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரி முன்னால் நீண்டு கிடந்தன. "அந்தக் கட்டைய அவுக்காத. இங்க வந்து எனக்கு முன்னால நில்லு. எப்படிக் குனிஞ்சன்னு காட்டு."

அஞ்சலைக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் நின்று காட்டினாள். காட்டும்போதே விழப் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனத்த ஏன் கட்டை மேல வெக்கிற? அது உன் காலா? இருக்கிற கால்ல வையி."

"குனிஞ்சா தானா முன்னால போகுதுக்கா."

"அப்ப பின்னால எதையாச்சும் தள்ளு. பின்புறத்தத் தள்ளு. மாட்டுக்கு அடியில குந்தறப்ப எப்படிக் குந்துவ?"

அஞ்சலை கட்டையைச் சற்றுப் பக்கவாட்டில் அகட்டிப் பின்னுக்கு வைத்தாள். வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். பின்புறத்தைத் தள்ளிக்கொண்டே மெல்லக் குனிந்தாள். மிச்சத் தொடை தோல் உறையைப் பின்பக்கமாக அழுத்தியது. மணல் மூட்டைக்கு அடியில் கிடந்து சேர்த்த பலமெல்லாம் அங்கே போய் நின்று நடுங்கியது. நிமிரும்போது விழுந்தாள்.

"நிமிர்றதுதான் உனக்கு வரல. அவசரப்படற" என்றாள் பொன்னம்மா.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே வேலையாக இருந்தது. பொன்னம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னும் கீழ", "கைய ஒட்டு", "தலையத் தூக்காத" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பேசுவதற்கே அவளுக்கு மூச்சு திணறத் தொடங்கியிருந்தது. அஞ்சலை விழுவாள். பாயின் பக்கம் விழப் பழகிக்கொண்டாள். வலது கால் ஆடுதசை கல்லாக இறுகி, படுத்தால் பிடித்து இழுத்தது. ஒரு தடவை அவள் நன்றாகக் குனிந்து விழாமல் நிமிர்ந்தபோது பொன்னம்மா, "இது போதும். இதுக்கு மேல குனிஞ்சா அவனுக்குத் திமிர் ஏறும்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பொன்னம்மாவுக்கு இருமல் வந்து, அது அடங்க நெடுநேரம் பிடித்தது. அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை அஞ்சலை அப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை கிளம்பிவிட்டாள்.

இந்த முறை பாலத்தில் நின்றவன் வேறொருவன், வயதானவன். அஞ்சலை கம்பைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டையை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக் குனியத் தொடங்கினாள். அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே, பார்க்காமல், போ என்று கையசைத்தான். அவள் பாதிக் குனிவில் இருந்தாள். நிறுத்தினால் விழுந்துவிடுவாள் என்பதால் முழுக்கக் குனிந்து, முழுக்க நிமிர்ந்துதான் போனாள்.

ஷரீஃபுதீன் ராவுத்தருக்கு முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கட்டையைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

"மாடு இருக்கா இன்னும்?"

"இல்ல பாய். நாத்தனாருக்கு. காலு வீங்கிப் போச்சு."

அவர் உள்ளே போய் ஒரு கோணிப்பையில் தவிட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "தூக்கிருவியா?" என்று கேட்டார்.

"தலையில வெச்சு விடுங்க" என்றாள் அஞ்சலை.

திரும்பி வரும்போது பாலத்தில் ஆள் மாறியிருந்தது. பரு முகத்துக்காரன் நின்றான். பக்கத்தில் அவன் வயதுச் சிப்பாய் இன்னொருவன். அஞ்சலைக்குத் திரும்பிப் போக வழியில்லை. மூட்டையை இறக்கித் தரையில் வைத்தாள். கம்பைப் படுக்கப் போட்டாள். கட்டையை ஊன்றினாள்.

அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். தோழனிடம் என்னவோ சொன்னான். துப்பாக்கி முனைக் கத்தியால் கட்டையைத் தட்டிப் பார்த்தான். பிறகு மூட்டையைக் குத்தினான். தவிடு பொலபொலவென்று கொட்டியது. கொஞ்சம் எடுத்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். குனி என்று சைகை காட்டினான்.

அஞ்சலை குனிந்தாள். கண்ணுக்கு நேரே தவிடு கொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பொத்தினால் கை உடம்பை விட்டு விலகிவிடும். தொடையைப் பின்னுக்கு அழுத்தி, அழுத்தி, நிமிர்ந்தாள்.

அவன் மறுபடியும் குனியச் சொன்னான். தோழன் சிரித்தான். அவள் குனிந்து நிமிர்ந்தாள். அவன் விரலை உயர்த்தி இன்னொரு முறை என்றான். உறைக்குள் தோல் உரிந்து ஈரம் ஊறுவது தெரிந்தது. வலது முழங்கால் தன்பாட்டுக்கு உதறியது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இவன் அலுத்துப் போகிறவரை குனிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், விழக்கூடாது, விழுந்தால் மறுபடி முதலிலிருந்து என்று மட்டும் நினைத்தாள். குனிந்தாள். பொன்னம்மா சொன்னபடி அவசரப்படாமல் நிமிர்ந்தாள்.

அவள் விழப்போவதில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு ருசி போய்விட்டது. தோழன் வேறு எதையோ பேசத் தொடங்கினான். பரு முகத்துக்காரன் போ என்று தலையை ஆட்டினான்.

அஞ்சலை மூட்டையின் ஓட்டையை முறுக்கிப் பிடித்தாள். கொட்டியதை அள்ள அங்கே நிற்கத் துணிவில்லை. தானாகத் தலையில் ஏற்ற முடியாமல், மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையில் கம்போடு, பாலத்தை விட்டு இறங்கினாள். மரத்தடி கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடாக இருந்ததால் பிறகு நின்றபடியே சாய்ந்து இளைப்பாறினாள். வீட்டு வாசலில் சிவகாமசுந்தரி ஓடிவந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே அஞ்சலை தவிட்டைச் சலித்து, வறுத்து, உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள். பொன்னம்மா ஒரு வாய் விழுங்கிவிட்டு முகத்தைக் கோணினாள்.

"மாட்டுக்குக் கூட இத வறுக்காமத்தான் போட்ட. அது எப்படித் தின்னுச்சோ."

"பேசாமக் குடிங்க அக்கா."

தொடையில் வந்த புண்ணால் அஞ்சலை பல நாள் கட்டையைத் தொடவில்லை. பழையபடி பின்புறத்தால் நகர்ந்துதான் அடுப்பு மூட்டினாள். பொன்னம்மாவுக்கு மூத்திரம் தாராளமாகப் பிரியத் தொடங்கியது. வேளைக்கு வேளை சிவகாமசுந்தரி வந்து தாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதலில் மூச்சிரைப்பு தணிந்தது. பிறகு முழங்கால் சில்லு வெளியே தெரிந்தது. கடைசியில், உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வடிந்து, எலும்பும் தோலுமாக ஒருத்தி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். நடக்கும்போது பாதம் தொங்கித் தொங்கித் தரையில் அடித்தது. அது அவளுக்குக் கடைசிவரை சரியாகவில்லை. ஆனால் நடந்தாள்.

தவிடு தீரும்போதெல்லாம் அஞ்சலை பாலத்துக்குப் போய்வந்தாள். சில நாள் பார்க்காமல் விட்டார்கள். சில நாள் மறுபடி மறுபடி குனியவைத்தார்கள். ஒரு தடவை மூட்டையையே பறித்து ஆற்றில் கொட்டினார்கள். அன்றைக்கு வெறுங்கையோடு வந்து படுத்துவிட்டாள்.

சயாமிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. போனவர்களில் ஒருவர் இருவர் திரும்பி வந்ததாகத் தெங்கேராப் பக்கம் பேச்சு அடிபட்டது. யார் என்று விசாரித்தால் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

ஒரு மழை நாள் மத்தியானம் இருவரும் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தம்பி திரும்பி வந்தா முதல்ல என்ன சொல்லுவ? நான் நடக்கறேன் பாருங்கன்னு நடந்து காட்டுவியா?"

அஞ்சலை கையிலிருந்த கிழங்கை நறுக்கி முடித்தாள்.

"உக்காரச் சொல்லுவேன்" என்றாள். "எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பாரோ."

பொன்னம்மா நறுக்கிய கிழங்கை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, பாதம் தரையில் தட்டத் தட்ட, அடுப்பைப் பார்க்கப் போனாள்.